ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்

ஞாயிறு காலை ஐந்தே காலுக்குக்
காசிமேட்டில் நாங்கள் ஏழு பேர்.
கையில் வலை இல்லை, கூடை இல்லை,
கழுத்தில் ஆளுக்கொரு கண்.

ரொசாரியோவுடையது ஜெர்மன் கண்ணாடி.
தவணை இன்னும் பதினான்கு பாக்கி.
"செதிலைக்கூட எண்ணலாம்டா" என்பான்.
எண்ணி என்ன செய்யப்போறே என்பாள் பார்கவி.

என்னுடையது ரஷ்யாவில் பிறந்த ஐம்பத்தெட்டு.
பர்மா பஜாரில் ஒரு ரேடியோவுக்கும்
நான்கைந்து சார்ஜர்களுக்கும் நடுவில்
முகம் கவிழ்ந்து கிடந்தது. இரண்டாயிரத்து நானூறு.
உள்ளே கொஞ்சம் பூஞ்சை.
இந்த ஊர்க் காற்றில் ஊறுகாய்க்கே பிடிக்கிறது,
கண்ணாடிக்குப் பிடிக்காதா?
இரண்டில் திறந்துவைத்தால்
முகம் மட்டும் நிற்கும்.
முகத்துக்குப் பின்னால் கடலும் கரையும்
கல்லில் தேய்த்த தோசை மாவாய்ச் சுற்றும்.

ஏலம் முடிந்ததும் டீக்கடை.
செல்போன்கள் கைமாறின,
கிளாஸ் வைத்த ஈர வட்டங்களின் மேல்.
போன வாரம் நான் எடுத்த செலின் அக்கா படத்தில்
எல்லோரும் நின்றார்கள்.
"பின்னணி வெண்ணெய்டா" என்றாள் பார்கவி.
"இதுதான் லென்ஸோட குணம்" என்றேன்.
"குணமாவது! குறை.
விலை ஏறினதும் பேரை மாத்திட்டீங்க"
ரொசாரியோ பன்னை டீயில் முக்கினான்.
ஏகநாதன் வருமான வரியில் கோப்பு பார்ப்பவன்.
யார் பக்கமும் சாயாமல்
ரொசாரியோ எடுத்த வஞ்சிரத்தைப்
பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி,
மீனின் கண்ணுக்குள்ளேயே போய்விட்டான்.
அங்கே நாங்கள் ஏழு பேர்,
கடுகு கடுகாய்,
கேமராவைத் தூக்கிக்கொண்டு.

டீக்காசு கொடுத்துவிட்டுத்
துறைமுகத்துக்குத் திரும்பி நடந்தோம்.
அச்சுப் போட்ட படம் என் பையில் இருந்தது.
நெத்திலி அளந்த கையைப்
புடவையில் இரண்டு முறை துடைத்துவிட்டு
ஓரத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தாள் செலின் அக்கா.
"மூஞ்சி நல்லா கீது.
பின்னால இன்னா சுத்துது?"
படகு அக்கா என்றேன்.
"எம் போட்டா?"
ஆமாம்.
"போட்டோவுல எம் போட்டு எங்க?"

நான்கு வருடம் வட்டி கட்டிய படகு.
கடைசித் தவணை கட்டிய மறுநாள்
எழுத்துக்கு நாற்பது ரூபாய் கொடுத்து
மகள் பெயர் எழுதியிருந்தாள்,
சிவப்பில், மஞ்சள் நிழல் வைத்து.
அதைத்தான் நாங்கள்
வெண்ணெய் என்று சொல்லி
பன்னோடு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தோம்.

வளையத்தைத் திருகினேன்.
நான்கு, எட்டு, பதினொன்று, பதினாறு.
சுழல் அடங்கியது.
படகு ஓர் அடி முன்னால் வந்து
அவள் பக்கத்தில் நின்றது.
ஷைனி. பதிவு எண். ஒட்டுப்போட்ட இடம்.
மஞ்சள் கேனில் ஒரு காக்கை.
மூலையில் கொட்டாவி விடும் ஏகநாதன்கூட
பல்லெல்லாம் தெரிய விழுந்திருந்தான்.
"இதான் படம்" என்றாள் அக்கா.
"நாலு காப்பி போடு. ஃபைனான்ஸ்காரனுக்கு ஒண்ணு."
ரொசாரியோ சிரிப்பான் என்று பார்த்தேன்.
அவன் தன் திரையில்
செதில்களுக்கு நடுவே
யார் பெயரையோ தேடிக்கொண்டிருந்தான்.

அந்தப் படத்தை யாரும் மெச்சவில்லை.
பாஸ்போர்ட் ஆபீஸ் போட்டோ மாதிரி இருக்கு
என்றாள் பார்கவி. இருந்தது.
பழையதை இன்னும் என் செல்போனின் முகப்பில்
வைத்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

புதன்கிழமை ரிச்சி தெரு மாடியில்
லென்ஸ் பிரிக்கும் உபைதுல்லா
ஐம்பத்தெட்டை டியூப்லைட்டில் தூக்கிப் பார்த்தார்.
"பூஞ்சைதான் சார். ரெண்டு நாள்ல குணமாயிடும்."
குணமானபின் குணம் இருக்குமா
என்று கேட்க வாயெடுத்தேன்.
பின்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.
ரசீதில் என் பெயரைக் கிறுக்கினார்.
கொஞ்சம் தெளிவா எழுதுங்க பாய், என்றேன்.