நான்காம் கட்டத்தில் தண்ணீர்

வேலந்தாவளத்தில் வணிகவரி செக்போஸ்ட்டை எடுத்தபோது
கம்பத்தைக்கூட யாரும் கழற்றவில்லை.
மேலே தூக்கியபடியே விட்டுவிட்டுப் போனார்கள்.
தக்காளி வண்டி, தவிட்டு வண்டி, தேங்காய் நார் வண்டி
நிற்காமல் போயின.
லாரிக்காரர்களுக்கு பில் அடித்துப் பிழைத்த என் கடையில்
மூன்று கம்ப்யூட்டர்கள் சும்மா கிடந்தன.
அதனால்தான் ஆட ஆரம்பித்தேன்.
வீட்டில் இது தெரியாது.

ஆட்டத்தின் பெயர் ‘பரிசல்காரி’.
சரவணம்பட்டியில் செய்தது.
ஒரு பெண், ஒரு பரிசல், வெள்ளம் வந்த ஆறு.
எழுநூற்றைம்பது கொடுத்து வாங்கினேன், பில்லோடு.
பில் இல்லாமல் எதையும் வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

திறக்கும்போதெல்லாம் அது எங்கோ போய்
நான் நான்தானா என்று கேட்டுவிட்டு வரும்.
இந்தப் பக்கம் கேரளா டவர், அந்தப் பக்கம் நம்முடையது,
நடுவில் என் மேசை.
சிக்னல் எல்லை தாண்டுகிற நேரமெல்லாம்
காசு கொடுத்தவன் கைகட்டி நிற்பேன்.
ரோட்டுக்கு அந்தாண்டை, சுனோஜின் செல்போன் கடையில்
இருபது ரூபாய்க்கு ஏற்றிக் கொடுக்கிற அதே ஆட்டம்
ஒரு கேள்வி கேட்காமல் ஓடும்.
“இந்தப் பூட்டு கள்ளனுக்கில்ல சேட்டா,
வாங்கினவனுக்காக்கும்” என்பான்.
பதில் தெரியாமல் ஒரு சாயா வாங்கித் தருவேன்.

அவனுக்கு ஒரே ஒரு குறை:
“நாலாம் கட்டத்துல பரிசல்ல தண்ணி ஏறுது.
பதினோரு நிமிஷத்துல முங்கிப் போகுது.
செஞ்சவங்களுக்கு ஒண்ணும் தெரியல.”
என் பரிசலில் ஒரு சொட்டு ஏறியதில்லை.

மெர்லின் ஜெபா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது.
கோழிப்பாறையில் வாழ்க்கைப்பட்டவள்,
ஒரு சனிக்கிழமை ஆதார் நகல் எடுக்க வந்தாள்.
திரையைப் பார்த்தவள் சில்லறை வாங்க மறந்தாள்.
அந்தப் பூட்டு அவள் எழுதியதாம்.
தண்ணீரும்.
திருட்டுப் பிரதிக்கு மட்டும் அடியில் ஒரு பொத்தல்.
“ஏழு பேர், மூணு வருஷம்.
ஆறு எப்படிச் சத்தம் போடும்னு பிடிக்க
ஆழியாத்துல ரெண்டு ராத்திரி மைக்கோட உட்கார்ந்திருந்தோம்.
வெளியான வாரம் நானூறு பேர் வாங்கினாங்க.
ஐயாயிரம் பேர் முங்கினாங்க.”
சொல்லும்போது சிரித்தாள்.
அப்புறம் சிரிக்கவில்லை.
திருட வழியே இல்லாமல் இருந்தால்
அந்த ஐயாயிரத்தில் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்றேன்.
“தெரியாது. பூட்டு அதை எண்ணாது.”

மார்ச் முப்பத்தொன்றில் கம்பெனியை மூடினார்கள்.
ஏப்ரல் இரண்டாம் தேதி
என் ஆட்டம் கேட்கப் போன இடத்தில் ஆள் இல்லை.
‘சரிபார்க்க இயலவில்லை. பிறகு முயலவும்.’
பிறகும் முயன்றேன்.
இங்கே ஆள் போனபோது கம்பம் மேலே நின்றது.
அங்கே கீழே.
பில் என்னிடம் இருக்கிறது.
லேமினேஷன்கூடப் போட்டு வைத்திருக்கிறேன்.

மே மாதம் மெர்லின் மறுபடி வந்தாள்.
வேறு கம்பெனியில் நேர்காணல், செய்ததைக் காட்ட வேண்டும்.
ஆபீஸ் லேப்டாப்பைக் கடைசி நாளே வாங்கிக்கொண்டார்கள்.
அவள் காசு போட்டு வாங்கிய பிரதியும்
என்னுடையதைப் போலவே ஊமை.
ரோட்டைக் கடந்து போனோம்.
யாரென்று தெரியாமல் சுனோஜ் பென்டிரைவை நீட்டினான்.
“இருபது ரூபா. நாலாம் கட்டத்துல தண்ணி ஏறும் சேச்சி,
அதை மட்டும் பொறுத்துக்கணும்.”
“ஏறும்” என்றாள்.
பில் கேட்க வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன்.

என் கடையிலேயே உட்கார்ந்து ஆடிப் பார்த்தாள்.
ஆழியாற்றுச் சத்தம் கடை முழுக்க.
மூன்று கட்டங்கள் மளமளவென்று போயின.
நான்காவதில் பரிசலின் அடியில் ஈரம் தெரிந்ததும்
சுவரில் மணி பார்த்தாள்.
பதினோரு நிமிஷத்தில் அக்கரை சேர முடியுமா என்றேன்.
“முடியக் கூடாதுன்னுதான் செஞ்சேன்”
என்று சொல்லிக்கொண்டே
துடுப்பை வேகவேகமாகப் போட்டாள்.