ஓர்மைப்பெட்டி

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
மீன்தொட்டிக் கடையில்
தொள்ளாயிரத்து ஐம்பது சொல்லி எண்ணூறுக்கு முடிந்தது.
கைமுஷ்டி அளவு. உள்ளே ஓர் உருளை,
இரண்டு பேட்டரி, ஒரு சின்னக் கடிகாரம்,
தீனி விழ ஒரு கீறல்.

நாற்பது நாள் கடலுக்குப் போகிறவர்
ஐஸுக்கும் டீசலுக்கும் அரிசிக்கும் கணக்கெழுதிவிட்டுக்
கடைசி இரவில் அதைத்
தொட்டியின் மூடியில் பொருத்தினார்.
காலை ஆறு. மாலை ஆறு.
"ஒனக்கு ஓர்மை நிக்காது பிள்ளே,
இதுக்கு மறதி கெடையாது."

ஒரே ஒருதடவை மறந்தேன்.
அண்ணன் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு நாள்.
ரெண்டு கப்பி மிதந்தது.
போன போக்கில் எத்தனை சூரை விழுந்ததென்று கேட்டால்
தலையைச் சொறிவார் பெஞ்சிகர்;
அந்த ரெண்டை மறக்கமாட்டார்.

சுறாவின் தாடையிலிருந்து தூண்டிலைக் கழற்றும் கை.
நடுவிரல் பாதி போனது அப்படித்தான்.
அதே கைதான் கரையில் இருக்கும்போது
பழைய பல் பிரஷ் கொண்டு
கண்ணாடியில் பாசி தேய்க்கும்.

அவர் போனபிறகு
தூத்தூர்க் கோயிலில் ஆறு மணி அடிக்கும்.
நான் சிலுவை போட்டு முடிக்கும் முன்
கிர்ர் என்று ஒரு சுற்று.
பத்து நாளில் மணிக்கும் பெட்டிக்கும் நடுவே
நாலு நிமிஷம் முளைத்திருந்தது.
எது பிந்தியதென்று மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

ஐப்பசி.
உப்புப் பரணியில் தண்ணீர் ஊறி நின்றது,
தீக்குச்சி நாலு கிழித்தால் ஒன்று பிடித்தது.
அப்படியொரு சாயங்காலம்
பெட்டி சுற்றியது,
பதினாலு கப்பியும் மேலே வந்தன,
வாய் திறந்தன,
திறந்த வாயோடு கொஞ்சம் நின்றன,
இறங்கிப் போயின.

எத்தனை நாளாக இப்படி?

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
ஈரம் குடித்துத் தீனி களியாகிக்
கீறலை அடைத்திருக்கிறது.
சுற்றுவதில் ஒரு குறையும் இல்லை.

கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அது சுற்றி ஓயும்வரை பக்கத்தில் நின்று
பிறகு டப்பாவிலிருந்து கிள்ளித் தூவினேன்.
காலையும் மாலையும்.
என் நிழல் விழுந்தால் சிதறுகிறதுகள்,
கிர்ர் கேட்டால் கூடுகிறதுகள்.
விரல் என்னுடையது, பேர் பெட்டிக்கு.
இருக்கட்டும்.

நாற்பத்து மூன்றாம் நாள்
கொச்சியில் மீனை இறக்கிவிட்டு
டீசல் மணத்தோடு வந்தவர்
பையை வாசலிலேயே போட்டுவிட்டுத்
தொட்டிமுன் குந்தி எண்ணினார்.
பத்தொன்பது.
ஐந்து குஞ்சு, கண்ணும் வாலும் மட்டும்.
"கண்டியா! எண்ணூறு ரூவா முதலாச்சு"
என்று பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

மாலையில் தீனி நிரப்பத் திறந்தார்.
பச்சைப் பூசணம்.
நிரப்பியது ஏறக்குறைய அப்படியே.

நான் சாளைக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்தேன்.
நிமிரவில்லை. முதுகில் தெரிந்தது
பார்க்கிறார் என்று.
குழாய் திறக்கும் சத்தம்,
கரண்டியால் சுரண்டும் சத்தம்,
ரொம்ப நேரம்.

அடுத்த போக்குக்கு முன்
வறுத்த அரிசி கொஞ்சம் துணியில் முடிந்து
உருளைக்குள் வைத்தார்.
கோயில் மணி அடிக்கும்வரை காத்திருந்து
கடிகாரத்தைத் திருத்தினார்.
என்னிடம் அதைப் பற்றி ஒன்றுமில்லை. போனார்.

படகு கரைவிட்டுப் போய்
போனில் ஒற்றைக் கோடு நிற்கிற தூரத்தில்
கூப்பிட்டார்.
காற்று. எஞ்சின். யாரோ இருமுவது.

"நீ போட்டது
ரெண்டு விரலா, மூணு விரலா?"

"மூணு. காலையில மட்டும் ரெண்டு."

கோடு அணைந்துவிட்டதோ என்று
காதிலிருந்து எடுத்துப் பார்த்து
மறுபடி வைத்தபோது கேட்டது:
"அது மதி."