ஐம்பத்திரண்டு வாரம்

ஆவாரம்பாளையம், மாடி அறை.
கீழே லேத் ஓடும் அதிர்வில்
டம்ளர் டீயில் வட்டம் வட்டமாய் நடுக்கம்.

புது மோட்டார் ஸ்டார்ட்டருக்கு
ஒரு சிப் தேர்ந்தெடுக்க வேண்டும்.
போன வருஷமென்றால்
எத்தனை கால், எத்தனை கிலோபைட்,
தூங்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று
கண்ணபுரம் சந்தையில் சுழி பார்க்கிறவர் மாதிரி
சுற்றிச் சுற்றி வந்திருப்பேன்.
இப்போது ஒரே கேள்வி:
இருக்குதா?

"அம்பத்திரண்டு வாரமுங்க"
போனைக் கையால் பொத்தியபடி ரங்கநாயகி.
"அதுவுங்கூட உறுதியில்லையாமா."
அதற்குள்
கொடுமுடிக் காட்டில் நட்ட மஞ்சள்
வெந்து, காய்ந்து, மெருகேறி
ஈரோட்டு மண்டியில் விலை போயிருக்கும்.

பெங்களூர்க்காரர் ஒருவர் இருநூறு அனுப்பினார்,
ஏழு மடங்கு விலையில்.
நகப்பூச்சு அழிக்கும் தண்ணியைப் பஞ்சில் தொட்டு
ஒன்றின் முதுகைத் தேய்த்தாள் ரங்கநாயகி.
பேர் பஞ்சோடு வந்துவிட்டது.
அடியில் வேறொரு பேர்,
வேறொரு வருஷம்.

தெய்வசிகாமணி சார் ஒன்றும் பேசாமல்
பீரோவைத் திறந்தார்.
நின்றுபோன மில் ஆர்டருக்கு வாங்கியது,
ஆறு வருஷமாய் நாலாயிரம்:
எட்டு பிட், பதினாறு கிலோபைட்.
"இதுக்குள்ள அடங்குமா?"

அடங்காது.
ஈரம் போக அடுப்பில் ஒரு நாள் சுட்டுவிட்டு
வெட்ட உட்கார்ந்தேன்.
முதலில் படம் காட்டும் திரை.
அப்புறம் மாதக் கணக்கு.
அப்புறம் அந்தக் குரல்:
"வணக்கம், உங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது."
மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி,
மூன்று மத்தியானம்
வேர்த்துக்கொண்டு நானே பேசிப் பதிந்தது.
இனி ஒரு மிஸ்டு கால் வந்தால் ஓடுகிறது,
இரண்டு வந்தால் நின்றுவிட்டது.

போர் வறண்டால் நிறுத்து,
ஒரு பேஸ் போனால் நிறுத்து
என்கிற பன்னிரண்டு வரியைத் தொடவில்லை.
அதை வெட்டச் சொன்னால்
வேலையை விட்டிருப்பேன் என்று
இப்போது சொல்வது சுலபம்.

போர்டில் மட்டும் ஒரு காரியம் செய்தேன்.
பழைய சிப்புக்கு ஒரு இருக்கை,
என்றைக்காவது வரப்போவதற்கு
பக்கத்திலேயே இன்னொன்று.
பந்தியில் இலை போட்டு
ஆள் வராத இடம்போல
ஈயம் பூசி மினுங்குகிறது அது.

பல்லடம் பக்கம் அறுபது தோட்டத்தில்
பொருத்தி மூன்று மாசமாயிற்று.
இரண்டு வறண்ட போரில் மோட்டார் கருகாமல் தப்பியது.
குரல் எங்கே என்று
ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

மீதி பதினாலு பைட் இருக்கிறது.
"வணக்கம்" மட்டும் அதற்குள் ஏறுமா என்று
எல்லோரும் போன பிறகு
ஒரு தடவை
எழுதிப் பார்த்தேன்.