பால் பகாச் சொல்

சியாதுராவில் ஆறு கறுப்பாக ஓடும்,
மாங்கனீசு கழுவிய நீர்.
புதன்கிழமைகளில் நாங்கள் நால்வர்
அதைக் கடந்து நூலகத்தின் பின்னறைக்குப் போவோம்.
கிழிந்த புத்தகங்களை ஒட்டும் அறை.
பசை நாற்றம், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
ஆடும் மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்த
பழைய கட்சி மாநாட்டு அறிக்கை.

ஒரே விதி. வாசித்து முடித்ததும் யாரும்
'நன்றாயிருக்கிறது' என்று சொல்லக் கூடாது.
சொன்னவள் அடுத்த வாரம் மண்ணெண்ணெய் வாங்கி வர வேண்டும்.

ட்ஸிரா அம்மாவை எழுதுகிறாள்.
அம்மா இத்தாலியில், பாரி நகரத்தில்,
யாருடைய அப்பாவையோ குளிப்பாட்டிப் படுக்க வைக்கிறாள்,
ஒன்பது வருடமாக.
முதலில் அம்மாவின் கண்களை எழுதினாள். அடித்தாள்.
அவை திரையில் பார்த்த கண்கள் என்றாள்.
பிறகு செருப்பை எழுதினாள்,
கதவுக்குப் பின்னால் இன்னும் கிடக்கும்
முப்பத்தேழாம் எண் செருப்பு.
அதில் தன் கால் இப்போது நுழையவில்லை என்று எழுதியதும்
பேனாவை மூடினாள்.
அன்று வேறு யாரும் வாசிக்கவில்லை.

குலிகோவுக்குச் சுரங்க அலுவலகத்தில் கணக்கெழுதும் வேலை.
தன்னையே ஒரு படிவமாக எழுதினாள்.
பெயர். தகப்பன் பெயர். கணவன் பெயர்: ஒரு கோடு.
'அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்
கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு.'
நான் வாய் தவறி நன்றாயிருக்கிறது என்றேன்.
மண்ணெண்ணெய், இரண்டு லிட்டர்.

தெக்லே மட்டும் காதலை.

எங்கள் மொழியில் ஆணுக்கும் பெண்ணுக்கும்
கல்லுக்கும் கழுதைக்கும் ஒரே சொல்: இஸ்.
வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்காது.
பள்ளியில் ருஷ்ய மொழி படித்தபோது
வந்தது ஆணா பெண்ணா என்று
வாலை ஆட்டிச் சொல்லும் வினைகளைப் பார்த்துவிட்டு
தெக்லே டீச்சரிடம் கேட்டாள்:
'இந்த மொழிக்காரர்கள் ரகசியத்தை எங்கே வைப்பார்கள்?'
வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள்.
ஜன்னல் வழியாக எனக்கு நாக்கைக் காட்டினாள்.

அவள் நோட்டை அண்ணன் எடுத்துப் படித்திருக்கிறான்,
சாப்பாட்டு மேசையில், சத்தமாக:
'இஸ், முழங்கையில் மாவோடு.
இஸ் ஏறியதும் ரோப்கார் கூண்டு
ஒரு பக்கம் சாயும், என் பக்கம்.'
எந்த ரொட்டிக்கடைப் பையன் என்று அவன் கேட்டானாம்.
பையனுக்கு என்ன சம்பளம் என்று அம்மா கேட்டாளாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் தெக்லே.
நாங்களும் சிரித்தோம்.
நான் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை
மணிக்கட்டு வரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ரொட்டிக்கடைகள் பதினொன்று.
விடியற்காலை நான்கு மணிக்கு
மண்ணடுப்பின் உட்சுவரில் மாவை அறைகிற பெண்
நான் ஒருத்திதானா என்று
கடை கடையாக எண்ணத் தொடங்கி
ஆறாவதில் விட்டுவிட்டேன்.

போன புதன் மின்சாரம் இல்லை.
கைபேசி வெளிச்சத்தில் தெக்லே
அதே கவிதையை மறுபடி எடுத்தாள்.
ஒவ்வொரு இஸ்ஸையும் அடித்து
மேலே ஷென் என்று எழுதியிருந்தாள்.
நீ.
'நீ ஏறியதும் கூண்டு சாயும்.'

அறையில் நால்வர்.
ஒருத்தி வாசிக்கிறாள்.
ஒருத்தி அடுப்புத் திரியை ஏற்றுகிறாள்.
ஒருத்தி விரல் மடக்கி எதையோ எண்ணுகிறாள்.
நீ என்ற சொல் மேசையைச் சுற்றி வந்து
மிச்சமிருந்த நாற்காலியில் உட்கார்ந்தது.

'ஏழு நீ இருக்கிறது,' என்றாள் குலிகோ,
'மூன்று போதும்.'
ட்ஸிரா திரியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.
விதிப்படி நான் பேசக் கூடாது.

இந்த வாரமும் மண்ணெண்ணெய் என் முறை.