எண் 4417

ஓட்ரா ஆற்றங்கரையில்
நகராட்சி மரங்களை எண்ணும் வேலை எனக்கு.
எண், சுற்றளவு, உயரம், நோய்.
‘அழுகிறது’ என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.

அழவும் இல்லைதான்.
பருக்குமுன் நீண்டுவிடும் கொம்புகள்
தம் பாரம் தாங்காமல் தொங்குகின்றன.
கல்லறைத் தோட்டக்காரர்கள்தான் இதைத்
துக்கத்துக்கு வேலைக்கு வைத்தார்கள்.

பேரிலும் பிழை.
பாபிலோன் ஆற்றோரம் நின்றது
பாப்லர் இனத்தில் ஏதோ ஒன்று என்கிறார்கள்.
இதுவோ வடசீனத்துக் குச்சி,
ஒட்டகத் தடத்தில் கைமாறிக் கைமாறி
மேற்கே வந்ததாகப் பேச்சு.
வந்த இடத்தில் பனி கடித்தது,
நுனி கருகியது.
உள்ளூர் வெள்ளை வில்லோவோடு கலந்த பிறகுதான்
குளிருக்கு நின்ற உடம்பு,
பொன் மஞ்சள் மிலாறு.
விதை போட்டு வளர்ந்ததில்லை இது.
ஒன்றையே ஒடித்து ஒடித்து நட்டு
ஆயிரம் குளக்கரையில்
ஒரே ஆள்.

ஏப்ரல் பத்து. எண் 4417.
பால் என்ற கட்டத்தில் ‘ஆண்’ என்று குறித்துவிட்டு
சும்மாதான் லென்ஸை எடுத்தேன்.
பூங்கதிரில்
மகரந்தத் தாள்களுக்கு நடுவே
பச்சையாய் ஒரு சூலகம்.
தள்ளி இன்னொன்று.
ஒரே காம்பில், சண்டையில்லாமல்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.
‘ஏதாவது ஒன்றைப் போடு, ஒத்திலியா’ என்றார் செனோபி
வாய் நிறைய ரொட்டியோடு.
இரண்டையும் போட்டேன்.
கணினி ஏற்கவில்லை.

கோடையில் அடிமரத்தில் புற்று.
வடிகால் குழாய்க்குள் வேர் புகுந்து
பள்ளிக்கூடக் கழிப்பறை பொங்கியது.
நவம்பரில் வெட்டினார்கள்.
‘அகற்றப்பட்டது’,
தேதி, கையெழுத்து.

வெட்டியவர்களுக்கு வீணாக்க மனசில்லை.
நேரான கொம்புகளைக் கூராகச் சீவி
புதிதாய் நட்ட லிண்டன் கன்றுகளுக்கு
முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மே மாதம் எண்ணப் போனேன்.
லிண்டன் இரண்டு பட்டுப்போயிருந்தன.
முட்டுக்குச்சிகள் தளிர்த்திருந்தன.
அதிலொன்று
முழங்கால் உயரத்திலேயே
தொங்கப் பழகிக்கொண்டிருந்தது.

புது எண் தருவதா,
பழைய தேதியை அடிப்பதா?
செனோபியைக் கேட்கவில்லை.
சுற்றளவு பதினாலு சென்டிமீட்டர்.
பால் கட்டத்தை வெறுமனே விட்டேன்.
கன்றோடு சேர்த்துக் கட்டியிருந்த சணலை
அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.