அளவு நோட்டில் எழுதாதது

இருக்கைகளைக் கழற்றி
என் தையல்கடை வாசலில் இறக்கிப் போட்டுவிட்டு
பெருநாளுக்கு முன்னால் முடியுமா என்று கேட்டார் மொமர்.
புருஷன் கேட்கிற மாதிரி இல்லை.
வாடிக்கைக்காரர் மாதிரி,
தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
முன்பணம் கேட்டேன். கொடுத்தார்.

காவோலாக் வண்டிப்பேட்டையில்
எல்லாருக்கும் தெரிந்த பெஜோ அது.
நீள முதுகு, மூன்று வரிசை,
ஏழு பேர் நிறைந்தால்தான் நகரும்.
நான்கு கதவுக்கும் கண்ணாடி இறக்க
ஒரே ஒரு கைப்பிடி.
கை மாறிக் கை மாறிப் பின்வரிசைக்குப் போய்
தம்பாகுண்டா வருவதற்குள்
எப்படியும் மொமரின் சட்டைப் பைக்குத் திரும்பிவிடும்.

நான் தைப்பது மனிதர்களுக்கு.
கழுத்து, தோள், கை நீளம் எழுதுகிற நோட்டில்
'நடுவரிசை' என்று பெயர் போட்டு
இடுப்புக்கு நேரே நூற்றிருபத்தேழு என்று எழுதினேன்.
எதிர்க்கடை யாசின் எட்டிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்
அவள் மீன் தட்டு சாய்ந்தது.

பழைய உறையைப் பிரிக்கவே ஒரு நாள்.
உள்ளே கடலைத் தோல்,
யாரோ கடித்து மிச்சம் வைத்த கோலாக் கொட்டை,
அறுந்த தஸ்பீஹ் மணி ஒன்பது,
பிறகு மண், மண், மண்.
இது எந்த ஊர், அது எந்த ஊர் என்று
நிறத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தார் மொமர்.
நான் எல்லா ஊரையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளினேன்.

கூரைத் துணி குண்டூசிகளின் தயவில் தொங்கியது.
மூன்றாம் வரிசைக்கு மேலே
கறுத்த எண்ணெய் வட்டம் இரண்டு:
நெட்டையானவர்களின் தலைகள்,
பள்ளத்துக்குப் பள்ளம்
அதே இடத்தில் இடித்து வரைந்தவை.
சோப்பு போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.
துணியையே மாற்றிவிட்டேன்.

ரெக்சினில் ஆறு ஊசி ஒடிந்தது.
ஏழாவது, செருப்புத் தைப்பவரிடம் கடன்.

ஓட்டுநர் இருக்கையைக் கடைசியில் எடுத்தேன்.
உறையை உரித்ததும்
இடப்பக்க ஸ்பாஞ்சு
யாரோ உட்கார்ந்துவிட்ட ரொட்டி போலச் சப்பை.
வலப்பக்கம் அப்படியே உப்பலாக இருந்தது.
கீழே ஸ்பிரிங்கிலும் அதே கதை:
இடது மூன்றும் படுத்துவிட்டன,
வலது மூன்றும் விருந்தாளிக்குக் காத்திருப்பது போல்
நிமிர்ந்து நின்றன.

வலது இடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே
ஓட்டியிருக்கிறார்.
எத்தனை வருஷமாக என்று ஸ்பாஞ்சு சொல்லாது.
எங்கேயாவது வலிக்கிறதா என்று கேட்டால்
எனக்கென்ன, சிங்கம் என்பார்.
பதினோரு வருஷமாக ஒரே கட்டில்.
என் பக்கமே ஒருக்களித்துப் படுப்பதை
அன்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

இந்த அளவை நோட்டில் எழுதவில்லை.
வலப்பக்கத்தை இரண்டு விரல் ஆழம் குடைந்து
மெத்தென்று பஞ்சடைத்து
மேலே பழைய போர்வையில் ஒரு மடிப்பு வைத்து
யாசின் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து
மூடித் தைத்தேன், இரட்டைத் தையல்.

ரெக்சின், நூல், ஏழு ஊசி, கூலி.
சீட்டைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசினார்.
ஒரு காசு குறைக்கவில்லை.
அந்தப் பணம் தகர டப்பாவில் தனியாக இருக்கிறது,
ஆஸ்பத்திரிக்கு.
அதை அவரிடம் எப்போது சொல்வது என்றுதான்
இன்னும் யோசிக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து,
புழுதியோடு வந்து செருப்பை உதறினார்.
கஃப்ரின் தாண்டி ரோட்டைச் செப்பனிட்டிருக்கிறார்கள் போல,
உனக்கு ஏதாவது தெரியுமா என்றார்.
வாயில் குண்டூசி இருந்தது.
ம் என்றேன்.

அன்று ராத்திரி மல்லாந்து படுத்துத் தூங்கினார்,
வாயைத் திறந்துகொண்டு, கூரையைப் பார்த்து.
எனக்குக் கொஞ்சம் கோபமாகத்தான் இருந்தது.