கை கழுவுதல்

முப்பது கிராம் வெயிலை
அயனாவரம் மருந்துக்கடையில்
காசு கொடுத்து வாங்கி வருகிறேன்,
கத்திரி ஊரையே வறுக்கிற மே மாதத்தில்.
வைட்டமின் டி என்றார் டாக்டர் நிலோஃபர்.
பிறகு, அதன் ஒன்றுவிட்ட தங்கை என்று
திருத்திக்கொண்டார்.

எனக்கு வேலை தரைக்குக் கீழே.
மெட்ரோ நிலையம், டிக்கெட் கவுண்டர்.
கண்ணாடியின் அரைவட்ட ஓட்டையில்
முழங்கை வரைதான் நான் தெரிவேன்.
அது போதும்.
சில்லறையைக் கையில் வாங்காமல்
"அங்கயே வைங்க" என்பார்கள்.
ஷிப்ட் முடிந்து எழுந்தால்
கறுப்பு நாற்காலியில் என் தோல்
கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.
அடுத்து வருபவர் நாள்காட்டித் தாளால் தட்டிவிடுவார்,
என் கண்ணில் படாமல்தான்.

ஒட்டாது, இது யாருக்கும் ஒட்டாது.
எத்தனை முறை சொல்லியிருப்பேன்.
பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பமும் கேட்டுக்கொண்டார்கள்,
காபியை முழுதாகக் குடித்தார்கள்,
கை கழுவினார்கள்.

தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு படை, உள்ளங்கை அகலம்.
அரையடி ஸ்கேலில் துணி சுற்றிப் பூசிப் பார்த்தேன்.
துணிதான் குணமானது.
ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில் ஜெயசீலி,
தி.நகர் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவள்,
"குப்புறப் படு குமுதா" என்றாள்.

விரல்நுனியில் எடுத்து
அவள் தேய்த்த அந்த ஒரு நிமிடம்
எழுத வேண்டாம் இங்கே.
பத்து வருடம் யாரும் தொடாத இடம்.

பிறகு குழாயடிச் சத்தம்.
லாரித் தண்ணீர், ஒன்றுவிட்டு ஒருநாள் வருவது.
அதில் சோப்புப் போட்டு
விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு.
தலையணையில் முகம் புதைத்து
எண்ணிக்கொண்டு கிடந்தேன்.
இவளுமா.

நான்காம் நாள் சொன்னேன்:
"வேண்டாம், நானே போட்டுக்கறேன்."
ட்யூபைப் பிடுங்கவில்லை அவள்.
அட்டைப்பெட்டிக்குள் விரல்விட்டு
எட்டாய் மடித்த அந்த மெல்லிய தாளை எடுத்தாள்,
நான் பிரிக்காமலே வைத்திருந்ததை.
"பூசின கையைக் கழுவணும்னு போட்டிருக்கு.
முகத்துல படக் கூடாதாம், தோல் எரியுமாம்.
நீ கழுவறியா?"

நான் கழுவுவதில்லை.
முழங்கையில் பூசிய கையைக்
கன்னத்துக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவேன்.
புதுசாய் முகத்துக்கும் வந்துவிட்டதே என்று
ஒரு வாரமாய் அழுதுகொண்டிருந்த சிவப்பு
நானே தினமும் பூசிக்கொண்டது.

டாக்டர் சிரிக்கவில்லை.
கன்னத்துக்கு வேறு களிம்பு எழுதினார்.
அலமாரியில் இருக்கும் பழைய சாலிசிலிக் டப்பாவும் இதுவும்
ஒரே தோலில் குடித்தனம் செய்யாது,
அது இதைத் தின்றுவிடும் என்றார்.
தம்பிக்கு நிச்சயதார்த்தம், வெள்ளிக்கிழமைக்குள்
இரண்டு மடங்காய்ப் பூசட்டுமா என்றேன்.
பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:
"தோல் குடிக்கும், ரத்தத்துக்குப் போகும்.
அளவு மீறினால் கால்சியம் ஏறி
சிறுநீரகம் கணக்குக் கேட்கும்.
வாரத்துக்கு எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறேன்.
நிச்சயதார்த்தத்துக்கு முழுக்கை போடுங்கள்."

முழுக்கைதான் போட்டேன். வியர்த்தது.

இப்போது ஏழாவது வாரம்.
செதில் குறைந்திருக்கிறது. படை போகவில்லை,
மேடு மட்டும் இறங்கி
வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு தீவு.
நேற்று அரைக்கை சட்டையில் கவுண்டரில் இருந்தேன்.
ஒரு பையன் பார்த்தான்.
"அக்கா, பரங்கிமலை ஒண்ணு" என்று கை நீட்டினான்.

இரவு. தண்ணீர் வராத நாள்.
குடத்தில் அடி தட்டுகிறது.
ஜெயசீலி என் முதுகை முடித்துவிட்டு
ஒரு குவளை மொண்டு என் கையில் ஊற்றுகிறாள் முதலில்.
மிச்சத்தில் அவள்.
ஒரே சோப்பு.